சன்னலோர மிஷினில் லினக்ஸ் மின்ட்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த கணக்கு

கடை விருத்தாசலத்தில், தாலுகா ஆபீஸ் போகிற வழியில். ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று உள்ளே சாமி படத்துக்குக் கீழே, இன்னொன்று சன்னலோரம். இந்த விமர்சனம் சன்னலோர மிஷினைப் பற்றியது. அதில் இப்போது விண்டோஸ் கிடையாது, அந்த வேலையை லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளம் செய்கிறது. (சன்னல் ஓரம் இருந்துகொண்டு விண்டோஸ் இல்லை என்று நானே பத்து தடவை சொல்லிச் சிரித்தாகிவிட்டது. நீங்களும் சிரித்துவிடுங்கள், மேலே போகலாம்.)

2015-இல் அசெம்பிள் செய்த மிஷின் அது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், ஆலை ஓடுகிற மாதிரிச் சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்றார்கள். அதற்கப்புறம் விண்டோஸ் 11-தான். அதற்கு எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என் மிஷினில் இரண்டும் இல்லை. புது மிஷினுக்குக் கடைக்காரர் சொன்ன விலை முப்பத்தி நாலாயிரம். ஒரு பக்கம் ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்க்கு எடுக்கிற கடை இது. எத்தனை பக்கம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அண்ணன் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். "ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்கிக் குடுங்க அத்தை, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான டிஸ்க், ஆயிரத்து அறுநூறு. அவனுக்குப் பிரியாணி தனி. லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட்டின் பிரதான பதிப்பு சின்னமன் என்பார்கள், பார்க்க அழகு. 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ போதும், இலேசானது என்று அவன்தான் தேர்ந்தெடுத்தான். சரியான தேர்வு. முன்பு சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் கூட்டி, கோலம் போட்டு, டீ குடித்து வந்தால்தான் மிஷின் தயாராக இருக்கும். இப்போது விளக்குமாற்றை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. இதில் பாதிப் பெருமை எஸ்எஸ்டியைச் சேரும்.

லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. 2006 வாக்கில் அண்ணன் உபுண்டு என்ற லினக்ஸின் சிடி வரவழைத்தான். இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும், வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். அந்தத் திட்டத்தை 2011-இல் நிறுத்திவிட்டார்கள். ஊரில் யாரும் பார்க்காத பொருள் வீட்டுக்கு வந்ததில் எங்களுக்குப் பெருமையோ பெருமை. போட்டுப் பார்த்தால் தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். சிடியை மாடித் தோட்டத்தில் காக்கா விரட்டக் கட்டினோம். பிறகு 2011-இல் அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தபோது, திறந்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ். "அக்கா, அந்த இன்னொன்ன எடுத்துடுங்க" என்று வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவும் இந்த விமர்சனத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழ் டைப்பிங். எங்கள் பிழைப்பே அதுதான். எனக்குப் பழக்கம் தமிழ்99 விசைப்பலகை. மின்ட்டில் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் இந்தியாவுக்குக் கீழே தமிழ்நெட் 99 என்று ஒன்று தென்படும். அதைத் தொடாதீர்கள். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்றுதான் அது வேலை செய்யும், தானாகப் புள்ளி வைக்காது. முதல் நாள் அதை வைத்துக்கொண்டு ஒரு முதியோர் உதவித்தொகை மனுவை அடிக்க முக்கால் மணி நேரம் போராடினேன். எதிரே பெரியவர் பாவம், "கரண்டு இல்லையாம்மா?" என்று கேட்டார். சாயங்காலம் பையன் வந்து ஐபஸ் என்ற டைப்பிங் கருவியைப் போட்டு, அதில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்து, அதற்குள் இருக்கும் தமிழ்99-ஐ எடுத்துக் கொடுத்தான். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்து நிற்கிறது. இதுதான் அசல் தமிழ்99. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் வைத்திருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இலங்கைக்காரர்கள் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்த ஐபஸ் சங்கதியை யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும். மின்ட்டை நிறுவும்போதே தமிழ் என்று தேர்ந்தெடுக்கிறோமே, அப்போதே இதைச் சேர்த்துத் தந்தால் என்ன குறைந்துவிடும்?

மெனுவையும் தமிழில் வைத்துப் பார்த்தேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஒரே பெட்டியில் மூன்று பொத்தானில் இரண்டு தமிழ், ஒன்று ஆங்கிலம். இரண்டே நாளில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டேன்.

எழுத்துருவில் லோகித், நோட்டோ கிடைக்கும். கேரளத்து சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்காக வெளியிட்ட மீரா இனிமையும் கிடைக்கும். மீரா இனிமையில் அடித்த மனு பார்க்கவே மரியாதையாக இருக்கிறது. ஆனால் லதா கிடையாது. அது மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. உள்ளே இருக்கும் மிஷினில் லதாவில் அடித்த வேர்ட் கோப்பை இங்கே திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அகலம் மாறி, ஒரு பக்க மனு ஒன்றே கால் பக்கம் ஆகிறது. "இப்படிக்கு" மட்டும் அடுத்த பக்கத்தில் அனாதையாகத் தொங்கும்.

இனி நான் இந்த மிஷினைக் கட்டிக்கொண்டு அழுவதற்கான காரணம். பென்டிரைவ்.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊரில் உள்ள அத்தனை பென்டிரைவும் எங்கள் கடையில்தான் வந்து குளிக்கும். டிசம்பரில் ஒரு காலேஜ் பையன் ஓடிவந்தான், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "அக்கா, நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சுக்கா. இப்ப எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. பதினோரு மணிக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணும்." உள்ளே செருகாமல் சன்னலோரத்தில் செருகினேன். போல்டர்களின் பெயரில் எல்லாம் எல்என்கே என்று முடியும் குட்டிக் கோப்புகள். கூடவே விண்டோஸில் ஓடும் விபிஎஸ் நிரல் ஒன்று. இவற்றுக்கு நடுவில் பெயரே இல்லாமல் ஒரு போல்டர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெற்றிடம். திறந்தால் அவனுடைய ப்ராஜெக்ட், போட்டோ, பாட்டு எல்லாம் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்த வைரஸ் செய்வது இவ்வளவுதான்: உள்ளதை எல்லாம் பெயரில்லாத ஒரு போல்டரில் தள்ளி, அதற்கு 'மறைவு' என்று விண்டோஸ் முத்திரை குத்திவிடும். வாசலில் போலி ஷார்ட்கட்களை நிற்க வைக்கும். அதை அழுத்தினால் விபிஎஸ் ஓடும், அடுத்த மிஷினுக்கும் தொற்றும். லினக்ஸில் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கினால்தான் மறைவு. விண்டோஸ் குத்திய முத்திரையை அது சட்டை செய்வதில்லை, எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடுகிறது. விபிஎஸ் கோப்பை ஓட்ட இங்கே ஆள் கிடையாது. அதனால் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கிறது. குப்பையை அழித்து, உள்ளதை வெளியே எடுத்துப் போட்டு, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். பத்து நாற்பதுக்கு ஓடினான். அந்த வாரம் மட்டும் அவன் வகுப்பிலிருந்து ஏழு பென்டிரைவ் வந்தன.

லினக்ஸில் வைரஸே கிடையாது என்று அளக்கிறவர்களை நம்பாதீர்கள். லினக்ஸுக்கென்று எழுதிய தீங்கு நிரல்களும் உண்டு. விருத்தாசலத்துப் பென்டிரைவில் சுற்றுகிறவை விண்டோஸுக்கு எழுதியவை. எனக்கு அது போதும்.

இன்னொன்று, பையன் செய்து கொடுத்தது. தேர்வு விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு போட்டோவையும் ஏதாவது இணையதளத்தில் ஏற்றி, விளம்பரத்தை மூடி, சுருக்கி, இறக்கி... ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் போகும். பையன் இமேஜ்மேஜிக் என்ற கருவியை வைத்து ஒரே வரியில் ஒரு கட்டளை எழுதி, டெஸ்க்டாப்பில் 'ஐம்பது' என்று பெயர் வைத்துவிட்டான். போட்டோவை இழுத்து அதன் மேல் போட்டால் சுருங்கி வந்து நிற்கும். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது, 'ஐம்பது' தெரியும். யாரோ ஒருவருடைய போட்டோவையும் கையெழுத்தையும் ஊர் பேர் தெரியாத தளத்தில் ஏற்றுகிறோமே என்ற உறுத்தலும் போயிற்று. இந்தக் கருவி விண்டோஸிலும் கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் பத்து வருஷமாக விண்டோஸ் வைத்திருந்தும் அப்படி ஒன்றைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

நல்லதைச் சொல்லியாயிற்று. இனி வயிற்றெரிச்சல்.

கடையின் பழைய லேசர் பிரிண்டர், கம்பெனி பெயர் வேண்டாம். லினக்ஸுக்கென்று ஒரு டிரைவர் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் காலத்திலோ. பையன் மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் அடித்தது. ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்துக்கு பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். இருபது பக்க ஆவணம் கொண்டுவரும் வக்கீல் குமாஸ்தா முன்னால் இந்தக் கூத்து நடக்குமா? இதற்கு நேர்மாறாக, போன வருஷம் வாங்கிய இங்க் டேங்க் பிரிண்டரைச் செருகினேன். டிரைவர் சிடியும் இல்லை, கேள்வியும் இல்லை, இருபது விநாடியில் 'சேர்க்கப்பட்டது' என்று மூலையில் எட்டிப் பார்த்தது. ஆகவே லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் பிரிண்டரைப் பாருங்கள். நல்லவேளையாக அதற்கு நிறுவக்கூடத் தேவையில்லை. பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மாறாது. நான் பார்க்காமல் இறங்கிவிட்டேன், அது என் தப்பு.

கைரேகைக் கருவிக்கு விண்டோஸும் ஆண்ட்ராய்டும்தான் உண்டு என்று விற்றவரே சொல்லிவிட்டார். ஆகவே கைரேகை வைக்கிற வேலை எல்லாம் உள்ளே. கணக்கெழுதும் டேலிக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை, அதுவும் உள்ளே.

டிஜிட்டல் கையெழுத்து போட்ட பிடிஎஃப் இன்னொரு தலைவலி. ஆதார் இறக்கினால் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருக்கும் அல்லவா? அடோபி ரீடரில் சரிபார்த்தால் பச்சை டிக் ஆகும். அந்தப் பச்சை டிக் இல்லாவிட்டால் நம் ஜனங்கள் வாங்க மாட்டார்கள், "டிக் வரலியே" என்று திருப்பிக் கொடுப்பார்கள். லினக்ஸுக்கு அடோபி ரீடர் தருவதை அவர்கள் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. மின்ட்டோடு வரும் பிடிஎஃப் பார்க்கும் மென்பொருளில் கேள்விக்குறி கேள்விக்குறியாகவே இருக்கிறது. ஒரு டிக்குக்காக மிஷின் மாறி உட்கார வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பேஜ்மேக்கர்.

எங்களிடம் பதினைந்து வருஷத்துப் பத்திரிகைகள் இருக்கின்றன, எல்லாம் பேஜ்மேக்கரில், எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில். மூத்தவள் கல்யாணம், இப்போது அவள் மகள் காதுகுத்து. "அன்னிக்குப் போட்ட அதே டிசைன்ல போடும்மா, பேரு மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள். பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளே ஏழாம் பதிப்போடு நின்றுபோய்விட்டது. ஆனாலும் இந்தப் பக்கத்து அச்சகக்காரர்களின் மூச்சு இன்னும் அதில்தான் ஓடுகிறது. மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் டிராவுக்கு பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டு ஆசையாகத் திறந்தேன். திறந்தது. 'திருமண' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, பெரிய யூ, கே, இஸட். பாமினி எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் அது 'திருமண' ஆகிவிட்டது. சரி என்று பார்த்தால் பிள்ளையார் ஒரு மூலையில் இருக்கிறார், அவருக்குக் கீழே இருக்க வேண்டிய "உ" நடுப்பக்கத்தில் நிற்கிறது. மணமகன் பெயர் மணமகளின் தாய்மாமன் வரிசைக்குள் புகுந்துவிட்டது. தாய்மாமனை இடம் மாற்றினால் இந்த ஊரில் கல்யாணமே நின்றுபோகும், பத்திரிகை எம்மாத்திரம்.

வேறு வழி உண்டு. பாமினி வாசகத்தை எந்த மிஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. பையன் அதை ஓட்டி நூறு பத்திரிகை வாசகத்தை ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்தான். ஒற்றெழுத்து, கொம்பு எல்லாம் ஒழுங்காக வந்தன. பிறகு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் புதிதாக வடிவமைக்க வேண்டும். பழைய ஸ்கிரைபஸ் 1.4-இல் தமிழ் உடைந்து வரும். 2024 ஜனவரியில் வந்த 1.6-இலிருந்து ஒழுங்காக வருகிறது, அச்சுக்கு வேண்டிய நாலு வண்ணப் பிடிஎஃப்பும் தருகிறது. ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ் முழுக்க அதில் செய்தேன். ஒன்றரை மணி நேரம். பேஜ்மேக்கரில் எனக்கு இருபத்தைந்து நிமிஷ வேலை. முடித்து அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கே அச்சகக்கார அண்ணன், "பிடிஎஃப்ல எப்படிம்மா தப்பு திருத்தறது? பேஜ்மேக்கர் ஃபைலா குடு" என்றார். நான் ஒருத்தி மாறி என்ன செய்ய?

கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். வெறும் இலவசம் என்பது வேறு, இது வேறு. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டு எல்லாம் என் பக்கம் இருக்கிறது: பாமினியில், பிரிண்டர் கம்பெனியில், அச்சகக்கார அண்ணனிடத்தில்.

ஒரு திங்கட்கிழமை காலை நெட் வரவில்லை. ஞாயிறு ராத்திரி அப்டேட் வந்திருக்கிறது என்று கேடயச் சின்னம் காட்டியதும் நான் படித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தேன். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் மாறியதும் வைஃபை குச்சியின் டிரைவர் வேலை செய்யவில்லை. டைம்ஷிஃப்ட் என்று ஒரு வசதி மின்ட்டோடு வருகிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு படம் எடுத்து வைத்தால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பையன் தலையில் அடித்துச் சொல்லியிருந்தான், நான் எடுக்கவில்லை. போனில் அவன் சொல்லச் சொல்ல, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே மிஷினைத் திறந்து, பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன். நெட் வந்தது. வாசலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். மறுநாள் நூற்றெண்பது ரூபாய்க்கு லேன் வயர் வாங்கி அந்தக் குச்சியைத் தலைமுழுகினேன்.

அவன் இல்லாவிட்டால்? இதுதான் பெரிய குறை. ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பிகளிடம் சொன்னால், "பார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாமாக்கா?" என்பதுதான் வைத்தியம். பக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இருக்கின்றன. தமிழில் படிக்கக் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது பேர் நிற்கும்போது கைக்கு எட்டுகிற ஆள் வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு வார்த்தை. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்குகிற கோப்பைக் கள்ளக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட்காரர்களே அறிவித்தார்கள். அதனால் இறக்கியதும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அறுபத்து நாலு எழுத்து. நானும் பையனும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சீட்டு நம்பர் பார்ப்பது போலப் படித்தோம். 2024-இல், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்கிற சின்ன நிரலில் யாரோ கள்ளச்சாவி வைத்ததை, உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். நிரல் திறந்து கிடந்ததால் அவரால் உள்ளே தோண்டிப் பார்க்க முடிந்தது. அரை விநாடியைக் கவனிக்கிற ஆள் ஒருவர் இருந்ததால்தான் அது நடந்தது என்பதும் உண்மை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால்: மனு அடிக்கிற கடைக்கு நாலு, பத்திரிகை அடிக்கிற கடைக்கு இரண்டு. வீட்டில் பிள்ளைகள் படிக்க, யூடியூப் பார்க்க, பழைய மிஷின் சும்மா கிடக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும், அதுவரை மிஷின் தாங்கினால் சரி.

இப்போது சன்னலோர மானிட்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். "இங்கே: மனு, ஸ்கேன், பென்டிரைவ், ஐம்பது. உள்ளே: பத்திரிகை, கைரேகை, டேலி, பச்சை டிக்." போன வாரம் பார்த்தால் கடைப் பெண் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "ஞாயித்துக்கிழமை அப்டேட் போடக் கூடாது, அக்காவும்தான்."